ஓர் இரவுக்கு ஒரு கேள்வி

விண்மீன்களின் இடங்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கயாவின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூன் மாதம் வந்தபோது, சுமார் 181 கோடி விண்பொருள்கள் அடங்கிய அதன் முதன்மை அட்டவணையை முழுவதுமாக எங்கள் வன்தட்டுகளில் இறக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். சுருக்கப்பட்ட மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கும் பைத்தான் நிரலை மாலையில் ஓடவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் ஏதோ ஒரு நிபந்தனையில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி இருக்கும். ஒரு கேள்விக்கு ஓர் இரவு என்றானபின், விடை ஏறக்குறையத் தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்கத் தொடங்கியிருந்தேன். இதை உணரவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

இத்தனைக்கும், பெருந்தரவிடம் தயங்காமல் கேள்வி கேட்க வழி முன்பே போடப்பட்டிருந்தது. வானத்தைப் படமெடுத்து அட்டவணையிட்ட ஸ்லோன் வான ஆய்வின் தரவுக்காக 2001-இல் ஸ்கைசர்வர் என்ற இணையத் தரவுத்தளத்தை உருவாக்கிய கணினி அறிஞர் ஜிம் கிரேயும் வானியலர் அலெக்ஸ் சாலேயும், வானியலர்கள் உண்மையில் கேட்க விரும்பும் 20 கேள்விகளை முன்வைத்தே தரவுத்தளத்தை வடிவமைத்தார்கள். அதே தரவை வினவப் பின்னர் வந்த காஸ்ஜாப்ஸ் சேவையில் ஒவ்வொரு பயனருக்கும் மூலத்தரவின் அருகிலேயே சொந்தமாக ஒரு சிறு தரவுத்தளம் கிடைத்தது. இடைநிலை விடைகளை அங்கேயே வைத்து மேலும் வினவலாம்.

நாங்கள் கோப்புகளை, தரவை நெடுவரிசைவாரியாகச் சேமிக்கும் பார்க்கே வடிவத்துக்கு மாற்றி, டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் கொண்டு வினவத் தொடங்கினோம். அட்டவணையில் 152 நெடுவரிசைகள் இருந்தும் எங்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாறே தேவைப்பட்டதால், வட்டிலிருந்து படிக்கும் அளவு வெகுவாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய உதவி பொருளின் அடையாள எண்ணிலேயே ஒளிந்திருந்தது. வானத்தைச் சுமார் 20 கோடி சமபரப்புக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் எண்ணை அந்த அடையாள எண்ணுக்குள்ளேயே பொதிந்திருக்கிறார்கள். எனவே எண்வரிசையில் அடுக்கிய கோப்பில், வேண்டாத வானப்பகுதிகளைத் திறக்காமலே தாண்டிவிடலாம். மூலக்கோப்புகளின் பெயர்களிலேயே இதே முறையில் பிரித்த, சற்றுப் பெரிய கட்டங்களின் எண்கள் இருந்தன என்பதையும், மாதக்கணக்கில் அவற்றை வெறும் வரிசை எண்கள் என்று நினைத்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடைகள் நொடிகளில் வந்தன. பெர்சியஸ் உடுத்தொகுதியிலுள்ள இரட்டை விண்மீன் கொத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களை எடுக்க, வல ஏற்றத்திலும் (வானத்தின் கிழக்கு மேற்கு அளவு) நடுவரை விலக்கத்திலும் (வடக்கு தெற்கு அளவு) சம அளவு பாகைகள் கொடுத்துச் சதுரம் ஒன்று வரைந்தேன். வானத்தின் நடுவரையிலிருந்து விலக விலக வல ஏற்றத்தின் ஒரு பாகை சுருங்கும். அந்தக் கொத்து இருக்கும் 57 பாகையில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் மிஞ்சும். இரவெல்லாம் காத்திருந்து பெற்ற விடையாக இருந்திருந்தால் நூறு முறை திருப்பிப் பார்த்திருப்பேன்; நொடியில் வந்த இந்த விடையின்மேல் இரண்டு வாரங்கள் கணக்குகளை அடுக்கிக்கொண்டே போனேன். விண்மீன்களின் உண்மையான கோணத் தொலைவுகளை வைத்துப் படம் வரைந்த அன்றுதான், கொத்தின் கிழக்கு மேற்கு ஓரங்கள் இரண்டும் கத்தரித்தாற்போல் அறுந்து நிற்பதைக் கண்டேன்.