தும்பிக்கை எந்தப் பக்கம்?

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஒத்தக்கடையில் இறங்கினேன். படுத்த யானைபோல் தெரியும் யானைமலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பனி.

என்னை இங்கே வரவைத்தவர் மனோகர் தேவதாஸ். 1936இல் மதுரையில் பிறந்து, சென்னையில் வாழ்ந்தபடியே மதுரையை வரைந்துகொண்டிருந்தவர். கோபுரம், தெரு, யானைமலை எல்லாம் கறுப்பு மையில், கோடு கோடாக. விழித்திரை நோயால் அவர் பார்வை வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த நோயில் முதலில் இருட்டில் கண் தெரியாது. அப்புறம் ஓரங்கள் மறைந்து, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஒரு முழு மலை அந்தக் கண்ணுக்குள் எப்படி அடங்கியது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார்.

பக்கத்தில் இருப்பதற்கு நெருக்கமான கோடு, தள்ளிப் போகப் போக மெலிந்த கோடு. வண்ணமே இல்லாமல் காற்றின் ஈரத்தைக்கூடக் காட்டிவிடலாம். சொல்வது எளிது. முந்தின நாள் ராத்திரி லாட்ஜில் நானும் நினைவிலிருந்து ஒன்று கிறுக்கினேன்: அப்பத்தா வீட்டுத் திண்ணை, முன்னால் வயல், பின்னால் படுத்திருக்கும் யானை. அந்த வீட்டை விற்று வெகுநாளாகிறது.

முதலில் நரசிங்கம் குடைவரைக் கோயில். பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி குடையத் தொடங்கி, முடிக்கும் முன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தார் என்கிறது 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு. மார்கழிக் கூட்டத்தில் நின்று படிக்க முடியவில்லை. பொங்கல் நன்றாக இருந்தது.

திரும்பி ஒத்தக்கடைக்கு வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பனிக்கு மேலே மலையின் முதுகு மட்டும் மெல்லத் தெரிந்தது. கீழே வீடு இல்லை, கரண்ட் கம்பி இல்லை. வயல் இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு வெள்ளை. அப்போதே வரைந்திருக்க வேண்டும். டீயை ஆற்றிக்கொண்டே இருந்துவிட்டேன். வெயில் ஏறியதும் மாடி வீடுகள், டவர், விளம்பரப் பலகை எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன.

டீக்கடை அக்கா நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, தும்பிக்கைய மாத்திப் போட்டிருக்கீக?”

நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், எதிர்ப்பக்கம்.

“எங்க அப்பத்தா ஊரு அந்தப் பக்கம்க்கா. திருவாதவூருக்குப் பக்கத்துல.”

“அப்பச் சரிதேன். அங்கிட்டு இருந்து பாத்தா அப்படித்தேன் தெரியும்.”

திருவாதவூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.