டர்பனிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கம் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும், நான் சென்னைக்காரன் என்று தெரிந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். இணையம் சட்டென்று பதில் சொல்லும்: ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம். கணக்கில் பிழையில்லை. மடகாஸ்கருக்கு மேலே ஏறி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே வெட்டிப் போகும் அந்த நேர்கோட்டில் பறப்பதற்குத்தான் விமானம் இல்லை.

எனவே துபாய் வழி. டர்பன் – துபாய் சுமார் 6,600 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அதாவது நேர்கோட்டைவிட 2,500 கிலோமீட்டர் அதிகம். டெல்லிக்குப் போய்விட்டு மதுரைக்கு வருவது மாதிரி. இணையம் சொன்ன எட்டரை மணி நேரம் துபாயிலேயே தீர்ந்துவிடுகிறது. நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் பதினாறு, பதினெட்டு மணி நேரம் என்று சொல்வதே நேர்மை.

போன டிசம்பரில் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு கிளம்பினேன். மகளின் கல்யாணப் பட்டு எடுக்க அவர்கள் தியாகராய நகருக்கு வருகிறார்கள்; டர்பனில் பல குடும்பங்களில் இது வழக்கம். ஜூலு மக்களின் மன்னர் ஷாகா பெயரில் 2010-இல் திறந்த விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி இருக்கிறது. வரிசையில் நின்றபடியே ஆன்ட்டி கைத்தராசில் பெட்டியை மாட்டித் தூக்கி, முள்ளைப் பார்த்து, ஒரு மசாலாப் பொட்டலத்தை உருவி மருமகன் பையில் திணித்தார். சென்னைக்கு மசாலாவா என்றேன். டர்பன் மசாலாவின் காரம் அங்கே கிடைக்காதாம். அது உண்மைதான்.

இருக்கைத் திரையில் சின்ன விமானம் மொசாம்பிக், தான்சானியா என்று ஆப்பிரிக்கக் கரையோரமாகவே ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி வழிக்குச் சற்றுப் பிறகு பூமத்திய ரேகை. விமானத்தில் பாதிப் பேர் குறட்டை. ஒப்பந்தக் கூலிகளாக முதல் இந்தியர்களை ஏற்றிக்கொண்டு 1860 அக்டோபரில் மதராஸில் கிளம்பிய ட்ரூரோ கப்பல், 342 பேரோடு நவம்பர் 16-இல்தான் டர்பனை அடைந்தது என்ற பேச்சு வந்தது. ஒரு மாதத்துக்கும் மேல். “அவர்களுக்குப் பெட்டியை எடைபோடும் தொல்லையாவது இல்லை” என்றார் ஆன்ட்டி.

கடிகாரமும் கணக்கைக் குழப்பும். இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், போகும்போது ஓர் இரவுத் தூக்கத்தில் பாதி காணாமல் போகும். திரும்பும்போது அது கிடைத்துவிடும். அதனாலேயே திரும்பும் பயணம் குறைவாகத் தோன்றுகிறது.

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்ப நினைப்பவர்களுக்கு: குடிநுழைவுச் சோதனை அங்கேயே முடியும். பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். பட்டுப்புடவைப் பெட்டிகளோடு அதைச் செய்ய நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.