ஒரு போஸ்டருக்காக டோக்கியோ போன கதை

அட்டைக் குழாய் ஒன்றுக்கு 4,500 ரூபாய். மதுரை வந்து சேர்ந்து மூன்று நாளாகியும் மனது ஆறவில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். டோக்கியோவில் விமானம் ஏறும்போது என் தோளில் தொங்கிய குழாயை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் விமானம் மாறிய ஊரில், வாசலில் நின்ற பெண் டேப் எடுத்து அளந்தார். 62 சென்டிமீட்டர். கைப்பைக்கு 55தான் அனுமதி என்றார். உள்ளே இருப்பது ஒரே ஒரு தாள், எடை அரைக் கிலோகூட வராது என்று கெஞ்சிப் பார்த்தேன். கார்டு தேய்க்கும் கருவியை என் பக்கம் திருப்பி வைத்தார், அதுதான் பதில். ஒரே டிக்கெட்டில் முதல் விமானத்தில் செல்லுபடியான சாமான் அடுத்த விமானத்தில் எப்படிச் செல்லாமல் போகும்? பகல் கொள்ளை. குழாய்க்குள் இருந்த போஸ்டர் 9,900 யென், நம் பணத்தில் ஏறக்குறைய 5,800 ரூபாய். அதில் முக்கால் பங்கை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

போஸ்டர் வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் சினிமா போஸ்டர்களின் வழக்கமான அளவுக்கு பி2 என்று பெயர். 51.5 சென்டிமீட்டர் அகலம், 72.8 உயரம். அகலம்தான் குழாயின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே 53, 54 சென்டிமீட்டர் குழாய் போதும், சண்டையில்லாமல் கைப்பையோடு ஏறிவிடும். ஓரம் நசுங்குமோ என்ற பயத்தில் நான் பெரிய குழாயாகத் தேடி வாங்கினேன். அந்த எட்டு சென்டிமீட்டர்தான் 4,500 ரூபாய். இதற்கு இருமடங்கு பெரிய பி1 வாங்கினால் குழாய் 75க்குப் போய்விடும், அதை லக்கேஜில்தான் போட வேண்டும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பழைய அறிவியல் புனைவுப் படங்களின் போஸ்டர்கள்மீது எனக்குப் பதினைந்து வருடப் பைத்தியம். பறக்கும் தட்டு, ராட்சதப் பூச்சி, ரோபோ, விண்கலம் என்று 1950களிலும் 60களிலும் ஓவியர்கள் கையால் வரைந்து ஆஃப்செட்டில் அடித்தவை. அமெரிக்கப் போஸ்டர்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்ப் பல வருடமாகிறது. 1927இல் வந்த ஜெர்மன் மௌனப் படமான மெட்ரோபோலிஸின் பெரிய போஸ்டர் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்குக் கை மாறியது. அந்த வடிவத்தில் உலகத்திலேயே நான்கு பிரதிதான் மிஞ்சியிருப்பதாகச் சொல்கிறார்கள். என்னைப் போன்ற சம்பளக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் கதவு திறந்திருப்பது ஜப்பானில்தான். காட்ஸில்லா, அவர்கள் வாயில் கோஜிரா, பிறந்த ஊரும் அதுதானே. ஆறு ராத்திரி, எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில், ராத்திரிக்கு 3,500 யென். போஸ்டருக்கென்று தனியாக 15,000 யென். அதற்கு மேல் ஒரு யென்கூட இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஞாயிறும் திங்களும் வீண். நான் போஸ்டர் தேடப் போன ஜிம்போச்சோ பேட்டையின் பழைய கடைகளில் பாதி ஞாயிறு திறப்பதில்லை. திங்கட்கிழமை அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. வெள்ளி இரவு கிளம்பும் டிக்கெட் மலிவு என்று பிடித்தேன். மிச்சம் பிடித்த காசெல்லாம் சும்மா சுற்றிய இரண்டு நாளில் காபியாகவும் ரயிலாகவும் கரைந்துவிட்டது. செவ்வாய் காலை இறங்குவது போல் போங்கள்.

செவ்வாய்க்கிழமை ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகளுக்கென்றே ஒரு பேட்டை அது, நூறு கடைக்கு மேல் இருக்கும். யாசுகுனி சாலையில் நடந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கடைகளெல்லாம் தெருவின் தெற்குப் பக்கத்திலேயே, வடக்கு பார்த்து வரிசை கட்டி நிற்கின்றன. நேர்வெயில் உள்ளே விழுந்தால் தாள் பழுத்துவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நம் ஊரில் வாசல் வைப்பதற்கு வாஸ்து பார்ப்பார்கள், இங்கே தாளுக்காகத் திசை பார்த்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. 1918இலிருந்து இருக்கும் யாகுச்சி ஷோதென் சினிமா, நாடகப் புத்தகங்களுக்குப் பேர்போன கடை. அதன் வெளிச்சுவரிலேயே அலமாரி அடித்து, தெருவில் நின்றபடி புரட்டிப் பார்க்கும்படி புத்தகம் அடுக்கியிருக்கிறார்கள்.

நான் தேடியது கிடைத்தது இன்னொரு கடையின் மாடியில். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது, நடுவில் போன் மொழிபெயர்த்தது. கோஜிரா என்றேன். எந்த வருடம் என்று விரலால் காற்றில் எழுதிக் கேட்டார். 1954 என்றதும் சிரித்துவிட்டு, ஒரு தடித்த படப் புத்தகத்தை எடுத்து விரித்து, போஸ்டரின் படத்துக்கு மேலே ஓடும் ஒரு வரியில் விரலை வைத்தார். போன் அதை மொழிபெயர்த்தது: 'ஹைட்ரஜன் குண்டுப் பெரும் பூதப் படம்.' படத்தின் பெயருக்குத் துணையாக அவர்கள் போட்ட வரி அது. இதே படம் வெட்டி ஒட்டப்பட்டு, ஓர் அமெரிக்க நடிகரும் சேர்க்கப்பட்டு 1956இல் அமெரிக்காவுக்குப் போனபோது, போஸ்டரில் அடக்க முடியாத அரக்கன்தான் பெரிதாக நின்றான், ஹைட்ரஜன் குண்டு தலைப்பு வரியில் இல்லை. ஒரே படம், இரண்டு நாட்டுச் சுவரில் இரண்டு பயம். போஸ்டர் சேர்ப்பதை வெறும் படம் சேர்ப்பது என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்த வருடம் ஜனங்களைத் தியேட்டருக்குள் இழுக்க எந்தச் சொல் போதுமானதாக இருந்தது என்பது போஸ்டரில்தான் பதிவாகியிருக்கிறது.

1954 அசல் என் பட்ஜெட்டுக்குக் கனவிலும் வராது. அப்புறம் அவர் இரண்டு போஸ்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இரண்டும் கிங்காங்கோடு காட்ஸில்லா மோதும் படத்துக்கானவை. ஒன்று 1962 முதல் வெளியீடு, என் வீட்டு ஆறு மாத வாடகை. மற்றது 1977 மறுவெளியீடு, அதைவிடப் பல மடங்கு மலிவு. காட்ஸில்லா படங்களை எடுத்த தோஹோ நிறுவனம் 1969 முதல் 1978 வரை பள்ளி விடுமுறைகளில் 'சாம்பியன் மத்ஸுரி' என்று குழந்தைகளுக்கான திருவிழா நடத்தி, பழைய படங்களை வெட்டிச் சுருக்கித் திரும்பவும் ஓட்டியது. அந்தத் திருவிழாவின் பெயர் போஸ்டரில் அச்சாகியிருக்கும். அந்த எழுத்துகளின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், மறுவெளியீட்டை முதல் வெளியீடு என்று யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

நான் எடுத்தது 1984 டிசம்பரில் வந்த காட்ஸில்லா படத்தின் பி2. வரைந்தவர் நோரியோஷி ஓராய். ஸ்டார் வார்ஸ் வரிசையின் இரண்டாவது படத்துக்கு 1980இல் வெளிநாடுகளுக்கான போஸ்டர் வரைந்தவரும் இவர்தான். டோக்கியோவின் ஆரவாரத்தை விட்டு மியாசாகி என்ற ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு வரைந்த மனிதர், 2015இல் காலமானார்.

பெரியவர் போஸ்டரை எடுத்துக் காட்டிய விதம் இருக்கிறதே, அதை மறக்கவே மாட்டேன். முதலில் பின்பக்கத்தைத்தான் காட்டினார். இரண்டு கையாலும் மேல்முனைகளைப் பிடித்துக் குப்புறப் போட்டு, மேசை விளக்கைத் தாழ்த்தி, நான்கு மூலையிலும் இருந்த ஆணித் துளைகளையும், செல்லோடேப் ஒட்டிப் பழுப்பேறிய ஒரு விரல்நீளத் தடத்தையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். குறையை எல்லாம் காட்டி முடித்த பிறகுதான் படத்தைத் திருப்பினார். தீப்பிழம்புக்கு நடுவே அந்த முகம். பெரிதாக்கிக் காட்டும் என் கை லென்ஸை வைத்துப் பார்த்தேன். படப் பகுதியில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புப் புள்ளிகள் பூக்கோலம் போட்டது போல ஒழுங்காகச் சுற்றி நின்றன. எழுத்துகளின் ஓரம் மட்டும் கத்தியால் நறுக்கியது போல் சுத்தம், புள்ளியே இல்லை. அசலுக்கு அதுதான் அடையாளம். பழைய போஸ்டரைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் புள்ளியாக உடைந்துவிடும். 9,900 யென். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவு தம்பி போனில், "என்னண்ணே, ஒரு பேப்பருக்கா ஆறாயிரம்?" என்றான். லென்ஸில் எடுத்த போட்டோவை அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து, "ஊருக்கு வந்ததும் காட்டுங்கண்ணே" என்று பதில் வந்தது.

இந்த லென்ஸ் 400 ரூபாய் சாமான். அது மறுநாளே 12,000 யென்னைக் காப்பாற்றியது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஒரு தெருவில் ஒரு கடை, வாசலிலேயே விண்வெளிப் படப் போஸ்டர்கள், எல்லாம் ஒரிஜினல் என்று ஆங்கிலத்தில் அட்டை. கடைக்காரர் சரளமாகப் பேசினார், உட்காரச் சொன்னார். நான் லென்ஸை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. தலைப்பு எழுத்து முழுக்கப் புள்ளி. தாளும் கனமாக, பளபளவென்று நேற்று அறுத்தது போல இருந்தது. ஐம்பது வருடத் தாளில் ஒரு துளை, ஒரு மடிப்புத் தடம், ஓரத்தில் ஒரு மங்கல்கூட இல்லாமல் எப்படி இருக்கும்? கேட்டேன். "ஒரிஜினல் டிசைன்" என்றார். மறுஅச்சை மறுஅச்சு என்று சொல்லி 1,000 யென்னுக்கு விற்றால் ஒரு தப்பும் இல்லை. ஆசையோடு தூர தேசத்திலிருந்து வருகிறவனை ஏமாற்றுவது அசிங்கம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஜிம்போச்சோ புத்தகத்துக்கு எவ்வளவு பேர்போனதோ அவ்வளவு கறிக்கும், அதாவது சோற்றோடு தரும் ஜப்பானியக் குழம்புக்கும், பேர்போனது. ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம் என்று சாப்பிடலாமே, அதனால்தான் இங்கே கறிச்சோற்றுக் கடைகள் பெருகின என்று சொல்வார்கள். பழைய புத்தகக் கடைகள் இருக்கும் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், 'போண்டி' என்ற கறிச்சோற்றுக் கடையில் வரிசையில் நின்றேன். உட்கார்ந்ததும் முதலில் வந்தது தோலோடு வேகவைத்த இரண்டு உருளைக்கிழங்கும் ஒரு துண்டு வெண்ணெயும். நான் வேறு யாருடைய தட்டோ என்று நினைத்தேன், இல்லை, கறிக்கு முன்னால் எல்லோருக்கும் அது உண்டு. பிறகு கோழிக்கறி. நம் நாக்குக்கு அது குழம்பே இல்லை. காரம் கடைசியில் மெல்ல எட்டிப் பார்க்கிறது, முதலில் பாலும் வெண்ணெயும் பழத்தின் இனிப்பும்தான். ஆனால் அந்தக் குளிரில், காலை முழுக்க நின்ற காலோடு, சோற்றில் குழைத்துச் சாப்பிட்டபோது கண் சொக்கியது. கிட்டத்தட்ட 1,700 யென், ஆயிரம் ரூபாய். அன்று ராத்திரி கடையில் வாங்கிய அரிசி உருண்டை இரண்டோடு முடித்துக்கொண்டேன். துளியும் வருத்தமில்லை.

வியாழக்கிழமை டோக்கியோவின் கடலோரத்தில் இருக்கும் யுமெனோஷிமா தீவுக்குப் போனேன். போஸ்டர் தேடி வருகிறவர்கள் யாரும் போகாத இடம், என் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான இடம். ஷின்-கிபா ரயில் நிலையத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடை. பூங்காவுக்குள் ஒரு மண்டபம், உள்ளே ஒரு மரப்படகு. பெயர் தாய்கோ ஃபுகுர்யூ மாரு, அதிர்ஷ்ட டிராகன் 5. 1954 மார்ச் 1இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தபோது, சூரை மீன் பிடிக்கப் போயிருந்த இந்தப் படகின்மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. 23 பேர் இருந்தார்கள். வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23இல் இறந்தார், வயது 40. காட்ஸில்லா நவம்பர் 3இல் வெளியானது. கடலில் ஓர் ஒளி வெட்டி, ஒரு படகு தீப்பிடித்து மூழ்குவதில்தான் அந்தப் படமே தொடங்குகிறது. அப்போதைய ஜனங்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பிறகு இந்தப் படகு பெயர் மாறி மாணவர்களின் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1967இல் கழிக்கப்பட்டு, குப்பை கொட்டிக்கொண்டிருந்த இதே யுமெனோஷிமாவில் எறியப்பட்டது. பொதுமக்கள் குரல் கொடுத்துக் காப்பாற்றி, 1976இல் மண்டபம் திறந்தார்கள். அனுமதி இலவசம். பக்கப் பலகைக்கு ஓர் அடி தூரத்தில் நின்றேன். பெயின்ட் உரிந்து, இரும்பு ஆணிகள் துருப்பிடித்து வழிந்த தடங்கள் மரத்தில் கீழ்நோக்கி ஓடியிருந்தன. பெரியவர் விரல் வைத்துக் காட்டிய அந்த வரி அங்கேதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஒரு மணி நேரம் இருந்தேன், என்னைத் தவிர ஒரு பள்ளி ஆசிரியரும் மாணவர்களும் மட்டும்.

க்யோபாஷியில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் ஏழாவது மாடிக் காட்சிக்கூடத்தையும் பார்த்தேன், 250 யென்தான். அவசியம் போங்கள்.

ஜிம்போச்சோவில் கடைசி நாள் நடந்தது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டரில் பி5 அளவில் சிராஷி என்ற தாள் இலவசமாக வைப்பார்கள். நம் ஊரில் மாட்டு வண்டியிலும் ஆட்டோவிலும் மைக் கட்டி வீசினார்களே, பிட் நோட்டீஸ், அதேதான். ஆனால் இங்கே வண்ணத்தில், நல்ல தாளில், பெட்டி பெட்டியாக அகர வரிசையில் பழைய கடைகளில் கிடக்கிறது. விரல் நோக ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டே போனபோது, ரஜினி! எந்திரன் 2012இல் ஜப்பானில் 'ரோபோட்' என்ற பெயரில் ஓடியபோது வந்த நோட்டீஸ். 300 யென். பக்கத்துத் தெரு ஆளைப் பார்த்தது போல் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கடைக்காரம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு "ரஜினி!" என்று சிரித்தார். எங்கள் அப்பா காலத்துப் போஸ்டர்களைப் பசை போட்டு ஒட்டினோம், மாடு தின்றது, மழை கரைத்தது, அதன்மேலேயே அடுத்த படத்தை ஒட்டினோம். எம்.ஜி.ஆர். நடித்த கலை அரசி 1963இல் வந்தது, வேற்றுக் கிரகத்து ஆட்கள் வரும் தமிழ்ப் படம். அதன் போஸ்டர் ஒன்றை நான் இன்னும் என் கையில் தொட்டுப் பார்த்ததில்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நேற்று ஃப்ரேம் போடக் கொடுக்கலாம் என்று டவுனுக்குக் கொண்டுபோனேன். முதல் கடையில் அட்டையில் பசை தடவி ஒட்டி, மேலே லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்றார்கள். சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார், பசை வேண்டாம், கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அரை அங்குல அட்டை விளிம்பு விடுங்கள் என்று காகிதத்தில் வரைந்து காட்டியதும் புரிந்துகொண்டார். அமிலம் இல்லாத அட்டை சென்னையிலிருந்து வர வேண்டுமாம், ஒரு வாரம், 2,800 ரூபாய். அதுவரைக்கும் போஸ்டர் வெயில் படாத உள்ரூமில், இரண்டு பெட்ஷீட்டுக்கு நடுவில் படுத்திருக்கிறது.