மழைய ரெக்கார்ட் பண்ணப் போய்

தூங்கறப்போ கேக்கற மியூசிக்குக்கு மழைய ரெக்கார்ட் பண்றதுதான் இருக்கறதுலயே ஈஸின்னு நெனச்சேன், ஆனா வந்து ஹெட்ஃபோன்ல கேட்டா பழைய டிவில சேனல் வராதப்போ இரையுமே, அந்த சத்தம்தான் இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, மழைக்குன்னு தனி சத்தமே கெடையாது, எது மேல விழுதோ அதோட சத்தம்தான் அது. இப்பல்லாம் அகலமான இலை ஒண்ணுக்குப் பக்கத்துல மைக்க வெச்சிருவேன், ஒவ்வொரு துளியும் தனியா டப் டப்னு விழும்.

காத்துதான் பெரிய தொல்லை. ஸ்பாஞ்ச் கவர்லாம் பத்தாது, முடி வெச்ச கவர் போட்டு 80 ஹெர்ட்ஸ்க்கு கீழ இருக்கற அடி உறுமல் சத்தத்த எடிட்டிங்ல வெட்டிருங்க.

ரெக்கார்டர் செட்டிங்க ஒசத்தி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்தா இன்னொரு லாபம், பாதி ஸ்பீடுல ஓட்டினாலும் சத்தம் மங்காது, ஒரு ஆக்டேவ் (மேல் ச-லேர்ந்து கீழ் ச வரைக்கும்) கீழ எறங்கி, தவளை கத்தறது ஏதோ பெரிய மிருகம் தூக்கத்துல முனகற மாதிரி ஆயிரும் (எனக்கு இது ரொம்பப் புடிக்கும்). அதுக்கடியில நீளமா ஒரு சிந்த் (எலக்ட்ரானிக் கீபோர்ட்) நோட், அவ்ளோதான் மியூசிக்.

லூப் போடறப்போ, அதாவது அதே துண்ட திரும்பத் திரும்ப ஓட விடறப்போ மட்டும் பளிச்னு கத்துற பறவைய வெட்டிருங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவ அதே குருவி அதே மாதிரி கத்துனா தூக்கமா வரும், எரிச்சல்தான் வரும்.