அடுத்து வருபவருக்கு ஒரு நோட்டு

வருகிற மே 31 அன்று எனக்குப் பணி ஓய்வு. நூலகராக 31 ஆண்டுகள், அதில் கடைசி 12 ஆண்டுகள் இந்தக் கிளை நூலகத்தில். இந்த நாற்காலிக்கு யார் வருவார் என்று தெரியவில்லை. வருகிறவர் நான் போன பிறகுதான் வருவார் என்பதுதான் மனதை அறுக்கிறது.

பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே பிறந்த தேதி இருக்கிறது. வேலையில் சேர்ந்த அன்றே நாங்கள் போகும் மாதத்தைக் கணக்கிட்டுவிடலாம். 58 ஆக இருந்த தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்ததால் எனக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. ஒரு இளைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்க அது போதாதா?

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் நூலகர் ஓய்வு பெற்றபோது அந்த நூலகம் எனக்குக் கூடுதல் பொறுப்பாக வந்தது. வாரத்தில் மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. நான் இல்லாத நாட்களில் பூட்டுதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் விவசாயப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வந்தார். பதிவேட்டில் இருக்கிறது, இரவலிலும் போகவில்லை, அலமாரியில் இல்லை. “பழைய சார் இருந்தா சட்டுனு எடுத்துத் தருவார்மா” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது. மூன்று வாரம் கழித்துப் பீரோவின் கீழ்த்தட்டில் செய்தித்தாளில் சுற்றிய கட்டு ஒன்று அகப்பட்டது. பைண்டிங்குக்காக எடுத்துவைத்த 12 புத்தகங்களில் அதுவும் ஒன்று. ஒரு துண்டுச்சீட்டு இருந்திருந்தால் அவரை நான்கு முறை நடக்கவைத்திருக்க மாட்டேன்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்த வரியின் பொருள் எனக்கு அந்தக் கட்டைப் பிரித்தபோதுதான் விளங்கியது.

ஒருவர் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்தவரை நியமித்துப் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்றால், ஒரே பணியிடத்துக்கு இரண்டு சம்பளம் எப்படித் தருவது என்று கேட்பார்கள். மூன்று மாதத்துக்குத்தானே? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக மக்கள் கட்டுகிறார்கள். பூட்டிய கதவுக்காக யாரும் கட்டவில்லை. மாவட்டந்தோறும் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஓய்வு பெறுவோரின் பட்டியலை எடுத்து, காலியிடம் விழுமுன் ஆள் தேர்வைத் தொடங்க வேண்டும். அதற்கு விதி இடம் தராவிட்டால், புதிதாகச் சேர்பவரை ஒரு மாதமாவது அனுபவமுள்ள நூலகரிடம் அனுப்பலாம். புத்தகங்களை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு கைமாறிவிடும். வாசகரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எந்தப் பதிவேட்டில் ஏறும்?

ஆகவே 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். வடக்குச் சுவர் ஓரத்து அலமாரியின் அடித்தட்டை ஐப்பசிக்கு முன்பே காலி செய்துவிட வேண்டும், ஈரம் ஏறும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஆறு பெண்களுக்கு மாலை ஆறரைக்கு பஸ், அதுவரை ஜன்னலோர மேசையை வேறு யாருக்கும் தர வேண்டாம். கண்ணாடிக்காரத் தாத்தாவுக்குப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் மட்டும். வெட்கப்பட்டுக் கேட்க மாட்டார், நாமாகவே எடுத்து வைக்க வேண்டும்.

நேற்றோடு 14 பக்கம் ஆயிற்று. இன்று, பைண்டிங்குக்கு ஒதுக்கிய ஒன்பது புத்தகங்களின் பெயர்களையும் அவை இருக்கும் இடத்தையும் எழுத வேண்டும்.