மரமும் வேதம்தான்

"அக்கா, மரம் வைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மரம் எல்லாருக்கும் பொது. குடில் மட்டும் வேண்டாம், அது ஒரு மதத்தோடதா ஆயிடும்."

கிறிஸ்துமஸ் மரத்தையும், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடிலையும் பற்றி எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துச் செயலாளர் சொன்னது. வேலூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன். டிசம்பர் பிறந்ததும் ஏணி போட்டு ஏறி, பிளாஸ்டிக் மரத்துக்கு சீரியல் பல்பு கட்டியவரே அவர்தான். ஆனாலும் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்துவிட்டது. குடில் வேண்டாம் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மரத்தில் சாமியே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்களே, அதுதான் ஆறவில்லை.

அந்த மரமே ஒரு பிரசங்கம். டிசம்பர் 24 ஆதாம், ஏவாள் நாள். இடைக்கால ஜெர்மன் ஊர்களில் அதையொட்டி ஏதேன் தோட்டக் கதையை நாடகமாகப் போடுவார்கள். தோட்டத்துக்கு ஒரு மரம் வேண்டுமே! கொட்டும் பனியிலும் பச்சை மாறாத ஃபர் மரத்தை வெட்டி வந்து ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்புறம் மரம் வீட்டுக்குள் வந்தது. 1605-ல், அன்றைய ஜெர்மன் நகரமான ஸ்ட்ராஸ்பூர்க் வீடுகளைப் பற்றிய ஒரு குறிப்பில், மரத்தில் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம், ஜிகினா, இனிப்பு எல்லாம் தொங்குகின்றன. ஆப்பிள் ஆதாமின் பாவம், அப்பம் நற்கருணை, பூசையில் இயேசுவின் உடலாக வாங்குவது. விழுந்ததும் மீட்கப்பட்டதும் ஒரே கிளையில்! இன்று நாம் மாட்டும் சிவப்பு உருண்டை அந்த ஆப்பிளின் பேத்தி.

புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் வீடுகளில் செழித்த வழக்கம் என்பதால் கத்தோலிக்கர்களான எங்களிடம் தாமதமாகத்தான் வந்தது. எங்களுக்கு 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடில்தான் நெருக்கம். வத்திக்கான் சதுக்கத்தில் மரம் நின்றதே 1982-ல், போப் இரண்டாம் ஜான் பால் காலத்தில். அங்கே மரமும் குடிலும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

இவ்வளவையும் செயலாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகம் வாடி, "அப்போ மரத்தையும் எடுத்துடணுமாக்கா?" என்றார். ஐயோ, வேண்டவே வேண்டாம் தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெங்களூரு எனக்குப் பழகிவிட்டது. சிவாஜிநகர் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை, பக்கத்திலேயே ரசல் மார்க்கெட், கடைக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குக் கன்னடம். நர்சரியில் தொட்டியோடு விற்கும் அரக்கேரியாவைத்தான் இங்கே கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். ஒன்று வாங்கி பால்கனியில் வைத்திருக்கிறேன். அடுக்கடுக்காக, அளவெடுத்தது போல அழகாக இருக்கிறது.

ஆனால் மரம் என்றால் எனக்குச் சவுக்குதான். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா சைக்கிள் கேரியரில் கட்டி வருவார், நுனி மணலில் கோடு போட்டுக்கொண்டே வரும். பெயின்ட் டப்பாவில் கடற்கரை மணலை நிரப்பி நட்டு, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவுவோம். அம்மா அச்சுமுறுக்கை நூலில் கோத்துத் தருவாள். நள்ளிரவுப் பூசை முடிந்து வருவதற்குள் எறும்பு ஏறியிருக்கும், தட்டிவிட்டுத் தின்போம். ஸ்ட்ராஸ்பூர்க் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத அம்மாவும் மரத்தில் அப்பம்தானே தொங்கவிட்டிருக்கிறாள்!

இங்கே கட்டடம் கட்டும் இடங்களில் சாரத்துக்கு நிறுத்திய சவுக்குக் கம்புகளைப் பார்க்கிறேன். இலையோடு ஒரு கிளை கிடைக்கவில்லை. பெங்களூரில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், 24-ம் தேதிக்குள் வேண்டும்.