அச்சிபியோட 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவல் படிக்கிறவங்க அந்த முதல் 13 சேப்டரை விட்டுடாதீங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, போஸ்ட்கலோனியல் (காலனி ஆட்சி பத்தின இலக்கியம்) பேப்பர் கிளியர். போன செமஸ்டர்ல இதே பேப்பர்ல அரியர் விழுந்து, மத்ததெல்லாம் பாஸ் பண்ணிட்டு நாவல் பேப்பர்ல போச்சுன்னு வீட்ல சொல்லவே எனக்கு வாய் வரல. அடுத்து எழுதப்போறவங்களுக்காக இத எழுதுறேன், கேள்வித்தாள் பேட்டர்ன் உங்களுக்கே தெரியும்.

நான் பண்ண தப்பு ஒண்ணுதான், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியோட 'திங்ஸ் ஃபால் அபார்ட்'ட நோட்ஸ்ல படிச்சேன். வெள்ளைக்காரன் வந்தான், சர்ச் கட்டினான், அங்க இருக்கற இக்போ மக்களோட பண்பாடு அழிஞ்சுச்சு, கதாநாயகன் ஒகோன்க்வோ தூக்கு போட்டுக்கிட்டான். எந்தக் கேள்விக்கும் இதையே சுத்திச் சுத்தி எழுதிட்டு வந்தேன். இந்தத் தடவை புத்தகத்தையே எடுத்து உக்காந்தப்பதான் தெரிஞ்சுச்சு, மொத்தம் 25 சேப்டர்ல முதல் பாகமே 13, அதுல ஒரு மிஷனரி கூட ஊருக்குள்ள வரல. எட்டாவது சேப்டர்ல வெள்ளை மனுஷங்க இருக்காங்களாமேன்னு ஒரு பேச்சு வருது, அதையும் ஊர்ல இருக்கற தோல் வெளுத்த ஒரு குஷ்டரோகிய சொல்லி சிரிச்சிட்டு விட்டுடுறாங்க.

அந்த 13 சேப்டர்லதான் மார்க் இருக்கு. இகெமெஃபுனாவ எடுத்துக்கோங்க, ஒகோன்க்வோவோட ஊரான உமுவோஃபியாவோட பொண்ணு ஒருத்திய பக்கத்து ஊர்க்காரங்க கொன்னதுக்கு ஈடா அங்கருந்து வந்த பையன், மூணு வருஷம் ஒகோன்க்வோ வீட்லயே வளந்து அவன அப்பான்னு கூப்பிடுறான். சாமி வாக்குப்படி அவனக் கொல்லணும்னு ஊர் முடிவு பண்ணதும், அவன் சாவுல நீ கை வைக்காதன்னு பெரியவர் எசெயூடு வந்து சொல்லிட்டுப் போறார். கடைசில காட்டுல அந்தப் பையன் அப்பான்னு கத்திக்கிட்டு ஓடி வரும்போது வெட்டுறது இவன்தான். கோழைன்னு நினைச்சிடுவாங்களோன்னு பயம், ஊர் மதிக்காத அப்பன் உனோகா மாதிரி ஆகிடக்கூடாதுன்னு சின்ன வயசுலருந்தே உள்ள இருக்குற பயம். அந்தப் பக்கத்தோட புத்தகத்த மூடிட்டேன், அன்னைக்கு அதுக்கு மேல படிக்க முடியல.

அப்புறம் யார் யார் சர்ச்சுக்குப் போறாங்கன்னு ஒரு தாள்ல எழுதினேன்:

- ந்வோயே. ஒகோன்க்வோவோட மூத்த மகன். இகெமெஃபுனா சாவும், ஊருக்கு ஆகாதுன்னு காட்டுல போட்ட இரட்டைக் குழந்தைங்க அழுகையும் மனச விட்டுப் போகாத பையன்.
- ந்னேகா. நாலு பிரசவமும் இரட்டை, எல்லாக் குழந்தையையும் தூக்கி எறிஞ்சிட்டாங்க.
- ஓசு. சாமிக்கு நேர்ந்து விட்டு, முடி கூட வெட்டக்கூடாதுன்னு ஒதுக்கி வச்ச மக்கள். நமக்கு இத விளக்கவே வேணாம்.

ஊருக்குள்ள ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு, மிஷன் அதுக்குள்ள நுழைஞ்சுச்சு, இதான் என் பத்து மார்க் ஆன்ஸர். அதுக்காக வெள்ளைக்காரன நல்லவன் ஆக்கிடாதீங்க, அபாமேங்கிற ஊர்ல சைக்கிள்ல வந்த ஒரே ஒரு வெள்ளைக்காரன கொன்னதுக்கு சந்தை நாள்ல ஊரையே சுட்டுத் தள்ளுறாங்க. ரெண்டும் ஒரே ஆன்ஸர்ல வரணும்.

பேப்பர்ல இருக்கற மத்த நாவல்கள் வேகமா, முதல் ரெண்டும் அச்சிபியோடதுதான்:

- 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960). கதாநாயகன் ஓபி, ஒகோன்க்வோவோட பேரன். மகன்னு எழுதிடாதீங்க.
- 'ஆரோ ஆஃப் காட்' (1964). பூசாரி எசெயூலு வெள்ளைக்காரன் காவல்ல இருந்ததால, பிறைக்கு ஒண்ணா சாப்பிட வேண்டிய சாமிக் கிழங்குல ரெண்டு சாப்பிடாம நின்னுடுது, அது முடியாம புதுக்கிழங்குத் திருவிழாவ அறிவிக்க மாட்டேங்குறார், கிழங்கு மண்ணுலயே வீணாகுது, சனங்க சர்ச் பக்கம் போறாங்க. இங்கயும் ஊருக்குள்ள சண்டை முன்னாடியே இருக்கு, அத மொதல்ல எழுதுங்க.
- கென்ய எழுத்தாளர் ங்குகியோட 'தி ரிவர் பிட்வீன்' (1965). கமேனோ, மகுயுன்னு ரெண்டு மலைமுகடு, நடுவுல ஹோனியா ஆறு. கிறிஸ்தவ வீட்டுப் பொண்ணு முத்தோனி சடங்கு செஞ்சுக்கிட்டு சாகுறத விட்டுடாதீங்க.

இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா 'சிதைவுகள்'னு என்.கே. மகாலிங்கம் தமிழ்ல பண்ணது இருக்கு, அத மொதல்ல படிங்க, பேருங்க மனசுல நின்னுடும்.

பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி 'திங்ஸ் ஃபால் அபார்ட்' கடைசி சேப்டர் மட்டும் திரும்பப் படிங்க. தற்கொலை பண்ணவன சொந்த சனமே தொடக்கூடாது, அதனால வெளியாளுங்கதான் உடம்ப இறக்கணும். ஒகோன்க்வோவோட நண்பன் ஓபியரிக்கா, வெள்ளைக்கார மாவட்ட கமிஷனரப் பாத்து, இந்த ஊரோட பெரிய மனுஷன நீங்கதான் சாக வச்சீங்க, இப்ப நாய் மாதிரி புதைக்கப்போறாங்கன்னு சொல்லும்போதே குரல் அடைச்சிடுது. கமிஷனர் போற வழில, ஒகோன்க்வோவப் பத்தி தான் எழுதப்போற புத்தகத்துல ஒரு பாரா எழுதலாம்னு யோசிக்கிறான். என் கடைசி ஆன்ஸர நான் அந்த ஒரு பாராவுலருந்துதான் ஆரம்பிச்சேன்.